ஒரே கேனில் இரண்டு மோட்டார்

என் வீட்டுக்காரர் மனாசேயும் என் அண்ணன் எட்கரும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார்கள். படகு பொது. பின்னால் மாட்டிய மோட்டார் மட்டும் அவரவர் சொந்தம். எங்கள் தீவு மோட்டா லாவாவிலிருந்து பக்கத்துத் தீவிலிருக்கிற சோலாவுக்குப் போகிற கடலை, ஆள் ஏற்றிய படகில், ஒரு சின்ன மோட்டார் தனியாகக் கடந்துவிடாது. நடுவில் நீரோட்டம் பிடித்து இழுக்கும். அதனால் இடப்பக்கம் அண்ணனுடையது, வலப்பக்கம் இவருடையது. ஆளுக்கொரு சிவப்பு டாங்க், ஆளுக்கொரு ரப்பர் குழாய். ஒருவர் டாங்கிலிருந்து மற்றவர் மோட்டார் ஒரு சொட்டும் குடிக்காது.

மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து பாடிக்கொண்டு போகும். அவற்றைப் பிடித்திருக்கிற இரண்டு ஆண்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். சண்டையா என்று நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா, மரியாதை. பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லக் கூடாது. தலைக்கு மேல் கை நீட்டக் கூடாது. தப்பித் தவறிப் பெயர் சொல்லிவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். ஊரில் எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவரிடம் ஒருவர் எதையும் கேட்பதுகூட இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். கேட்க வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். நான் ஒருவருக்குப் பெண்டாட்டி, ஒருவருக்குத் தங்கச்சி. கைக்கெட்டும் தூரத்தில் இருவர் உட்கார்ந்திருக்க, நடுவில் நான் உட்கார்ந்து, "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பலாமாம்" என்று சொல்லிக்கொண்டு வருவேன். என் கழுத்து வலிக்கு மருந்தே கிடையாது.

இந்த மரியாதைக்கெல்லாம் சேர்த்து வைத்துப் பழி வாங்கப் பிறந்தவள் அண்ணன் மகள் சில்லா. அத்தை புருஷனைக் கேலி செய்வது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் உரிமை. அவர் கோபப்படக் கூடாது, திருப்பிக் கேலி செய்யலாம். மனாசேயைக் கண்டால் போதும், சில்லாவுக்கு நாக்கு நமநமவென்று இருக்கும்.

அந்த வருடம் சில்லாதான் எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைவி. சோலாவில் இறுதி ஆட்டம். எதிரே கௌவா தீவுப் பெண்கள், கால் ஒவ்வொன்றும் பலா மரம் மாதிரி. மூன்று வருடமாக அவர்கள்தான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சில்லா நர்ஸ் படிப்புக்குத் தலைநகர் விலாவுக்குப் போகிறாள். அதனால் அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. முந்தின வாரமே நடுவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நண்பகலுக்கு விசில் ஊதுவேன். எந்த அணி மைதானத்தில் இல்லையோ அது தோற்றதாகக் கணக்கு." அந்த மனுஷர் ஊதுவேன் என்றால் ஊதிவிடுவார். தன் சொந்தத் தம்பி அணியையே அப்படி வீட்டுக்கு அனுப்பியவர்.

ஆட்டத்தன்று காலையில் நான் வீட்டில் மரவள்ளியை அரைத்துச் செய்கிற லாப்லாப்பை இலையில் கட்டிக்கொண்டிருந்தேன். படகு கரையில் நின்றது. என் கண்ணில் படாமல் அங்கே நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எங்கள் மோட்டார்களுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. அளவாக ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் உள்ளே இறுகிச் செத்துப்போகும். அண்ணன் முந்தின சாயங்காலமே வீட்டில் கலந்து, டாங்கை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழியனுப்பும் ஜெபத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிடப் போனார். அப்போது வந்தார் மனாசே. மணலில் அண்ணனின் ஆயில் பாட்டில், மூடி உடைக்காமல், புதுசாக நிற்கிறது. அது அடுத்த முறைக்காக வாங்கியது என்று இவருக்கு எப்படித் தெரியும்? 'ஐயையோ, ஆயில் ஊற்ற மறந்துவிட்டாரே' என்று நினைத்தார். கேட்க முடியாது. நானும் அங்கே இல்லை. தன் பாட்டிலை எடுத்து அண்ணன் டாங்கில் ஊற்றினார். பிறகு தன் டாங்கிலும் கலந்துவிட்டு, பாட்டிலையும் புனலையும் எடுத்துக்கொண்டு, பெண்களின் மூட்டைகளைத் தூக்கப் போனார்.

அண்ணன் திரும்பி வந்தார். தன் மைத்துனர் டாங்க் பக்கத்தில் பெட்ரோல் வாசனை புதுசாக வீசுகிறது. அவருடைய ஆயில் பாட்டிலோ புனலோ கண்ணில் படவில்லை. 'அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டாரே' என்று அண்ணனுக்குப் பதறியது. மணலில் நின்ற அந்தப் புதுப் பாட்டிலின் மூடியை உடைத்து மனாசே டாங்கில் கவிழ்த்தார்.

மரியாதைக்காக ஊற்றுகிறவர் அளந்தா ஊற்றுவார்? இருவரும் தாராளமாக ஊற்றியிருந்தார்கள்.

பாதிரியார் ஜெபம் சொன்னார். பெண்கள் ஏறினார்கள். படகின் மூக்கில் லாப்லாப் மூட்டையும், ஒரு கேன் நல்ல பெட்ரோலும் வைத்தோம். அந்தப் பெட்ரோல் மைதானத்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டருக்காக. கேனில் கொஞ்சம்தான் குறை. ஜெனரேட்டருக்கு ஆயில் கலக்கக் கூடாது என்பதால் அதை யாரும் தொடவில்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கரையை விட்டதுமே புகை கிளம்பியது.

"மாமா, மோட்டார் ஓட்றீங்களா, கல்லடுப்பு மூட்றீங்களா?" என்றாள் சில்லா.

"உன்னை வெச்சுச் சுடலாம்னுதான்," என்றார் மனாசே. "ஆனா உன்கிட்ட எலும்பும் வாயுந்தான் இருக்கு. யாருக்குப் பத்தும்?"

பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மோட்டாரிலும் அதே புகை. படகு கனத்தில் மெதுவாகத்தான் போனது. எங்களுக்குப் பின்னால் கடல் மேல் நீல மேகம் ஒன்று நீண்டுகொண்டே வந்தது. சோலா மலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் அண்ணன் மோட்டார் இருமியது. இரண்டு தரம் தும்மியது. நின்றது.

"தங்கச்சி," என்றார் அண்ணன், "அவங்க கொஞ்சம் வேகம் கூட்டினா, நான் இதைப் பாத்துக்கிடுவேன்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் இவருடைய மோட்டாரும் நின்றது.

சத்தம் நின்ற பிறகுதான் கடல் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. நீரோட்டம் எங்களைப் பிடித்துக்கொண்டது. மலை இடது பக்கமாக நகர ஆரம்பித்தது.

"அத்தை," சில்லாவின் குரலில் இப்போது கேலி இல்லை. "சூரியனைப் பாருங்க. அந்தாளு விசிலை வாயில வெச்சிருப்பாரு."

அண்ணன் மோட்டாரின் மூடியைக் கழற்றி, குனிந்து, தீப்பொறி கொடுக்கிற பிளக்கை வெளியே எடுத்தார். நுனி முழுக்கக் கறுப்புப் பிசின்.

"ஆயில் ஜாஸ்தி," என்றார் அண்ணன் தனக்குத் தானே. "நான் அளவாத்தானே ஊத்துனேன்?"

மனாசே தலை நிமிர்ந்தது. "மேபெல்," என்றார் என்னிடம், மெதுவாக. "உங்க அண்ணன் ஆயில் ஊத்துனாங்களான்னு கேளு."

"நேத்து சாயங்காலமே ஊத்துனேன்னு சொல்லு."

மனாசே முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அப்ப... நானும் கொஞ்சம் ஊத்திட்டேன்னு சொல்லு. மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் கையில் பிளக்கோடு அப்படியே நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, அவங்க டாங்குல நானும் கொஞ்சம் ஊத்துனேன்னு சொல்லு."

"கொஞ்சம்னா எவ்வளவு அண்ணே?"

"பாட்டில்."

சில்லா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கோல் காக்கிற பெண் லாப்லாப் மூட்டையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மலை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"சிரிச்சது போதும்," என்றேன். "பிளக்கைத் துடைங்க. யாருகிட்ட பிரஷ் இருக்கு?"

சில்லா தன் பையிலிருந்து பல் துலக்கும் பிரஷை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்தாள். "விலாவுக்குன்னு வாங்குனது," என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சிக்கல் இவருடைய பிளக். அது மோட்டாரின் பின்புறம் இருக்கிறது. எட்டி எடுக்க வேண்டுமென்றால், பக்கத்தில் குனிந்திருக்கும் அண்ணன் தலைக்கு மேலாகக் கை போக வேண்டும். மனாசே கையை நீட்டினார், மடக்கினார். மறுபடி நீட்டினார், மடக்கினார். பிறகு சட்டையைக் கழற்றிப் பலகையில் போட்டுவிட்டு, தொபுக்கென்று கடலில் குதித்தார். பின்பக்கமாக நீந்தி வந்து, மோட்டாரை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையால் பிளக்கைத் திருகினார்.

"மாமா, சுறா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உன் பேரைச் சொல்லுவேன். பயந்து ஓடிரும்."

"பிளக்கைத் தண்ணியில போட்ராதீங்க. அப்புறம் உங்களைத்தான் அந்த ஓட்டையில சொருகணும்."

பிளக்குகள் சுத்தமாகிவிட்டன. ஆனால் டாங்கில் இருப்பதையே குடித்தால் மறுபடி நின்றுபோகும். நல்ல பெட்ரோலைக் கலந்து ஆயிலைக் குறைக்க வேண்டும். இருந்தது அந்த ஒரு கேன். இரண்டு டாங்குக்கும் போதாது.

"அவங்க டாங்குலயே ஊத்தச் சொல்லு," என்றார் அண்ணன். "என்னோட மோட்டார் கெடக்கட்டும்."

"அதெப்படி?" என்றார் மனாசே, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் படகில் ஏறியபடி. "மூத்தவங்க அவங்க. அவங்க டாங்குலதான் ஊத்தணும்னு சொல்லு."

"ஒத்தை மோட்டார்ல நீரோட்டத்தைத் தாண்ட முடியாது அண்ணே," என்றேன் நான்.

"அவங்க மோட்டாரைத்தான் ஓட்டணும், அது புதுசு, தாண்டிரும். சொல்லு," என்றார் அண்ணன்.

"பழசுதான் இழுக்கும்னு சொல்லு," என்றார் மனாசே.

நான் அவர் பக்கம் திரும்பினேன், இவர் பக்கம் திரும்பினேன். கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. அப்போது சில்லா எழுந்து நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்க. நீங்க மரியாதை குடுத்துக்கிட்டே இருங்க. கோப்பையைக் கௌவாக்காரி கொண்டுபோயி அதுல முட்டைக்கோசு நடட்டும்."

எனக்குச் சட்டென்று கோபமும் வந்தது, யோசனையும் வந்தது. கோபத்தில்தான் எனக்கு யோசனை வரும்.

"யாரு டாங்குலயும் ஊத்த வேண்டாம்," என்றேன். "கேனை என்கிட்ட குடுங்க."

கேன் யாருடையது? ஊருடையது. அதில் யாருக்கும் மரியாதை காட்ட வேண்டியதில்லை. என் முழங்கால்களுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டேன். அது ததும்பி வழியாமலிருக்கக் கொஞ்சம் நல்ல பெட்ரோலைக் காலித் தண்ணீர்க் குடுவையில் மாற்றி வைத்தோம். இரண்டு பங்கு நல்ல பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்தது வரும்படி, அண்ணன் டாங்கிலிருந்து கொஞ்சம், இவர் டாங்கிலிருந்து அதே அளவு கொஞ்சம், கேனில் ஊற்றிக் குலுக்கினோம். பிறகு டாங்கிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்களையும் உருவச் சொன்னேன். முனை மிதந்து காற்றை உறிஞ்சினால் மோட்டார் நின்றுவிடும். அதனால் மனாசேயின் தூண்டில் பெட்டியிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒன்று கட்டி, இரண்டு குழாய்களையும் ஒரே கேன் வாயில் இறக்கினேன். சுற்றி ஒரு துணியைத் திணித்தேன்.

"ரெண்டு பன்றிக்குட்டி, ஒரு தாய்," என்றாள் சில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அத்தைதான் தாய்."

"வாயை மூடிட்டு அந்த உருண்டையைப் பிசைடி."

குழாய் நடுவில் இருக்கிற ரப்பர் உருண்டையை அவள் ஒரு பக்கமும் கோல் காக்கிற பெண் ஒரு பக்கமும் பிசைந்தார்கள். கெட்டியானதும் நிறுத்தினார்கள். அண்ணன் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இவர் இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி அண்ணன். மோட்டார் ஒரு பெரிய கறுப்பு ஏப்பம் விட்டது, பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டு ரோஷம் வந்த மாதிரி இவருடையதும் பிடித்துக்கொண்டது. பெண்கள் போட்ட கூச்சலில் பறவைகள் எழும்பின.

என் காலுக்கு நடுவில் கேன் அதிர்ந்தது. அது குறையக் குறைய, குடுவையில் எடுத்து வைத்ததையும் டாங்கில் இருந்ததையும் அதே பங்கில் ஊற்றிக்கொண்டே வந்தேன். இரண்டு மோட்டாரும் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தன. மலை நேராக வந்தது, பெரிதாக வந்தது.

சோலா விரிகுடாவுக்குள் திரும்புகிற முனையில் அலை எப்போதும் தாறுமாறாக உடையும். அங்கே இரண்டு மோட்டாரும் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாறை. படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. லாப்லாப் மூட்டை உருண்டது, பெண்கள் அலறினார்கள், நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அதே குலுக்கலில் அண்ணன் குழாய் கேனை விட்டு வெளியே வந்து விழுந்தது. அண்ணன் முன்னால் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர் மனாசே ஒருவர்தான். அவர் கையில் மோட்டார், விட முடியாது.

"எட்கர்!" என்று கத்தினார் மனாசே. "எட்கர், குழாய்!"

அண்ணன் குனிந்தார், குழாயைப் பிடித்தார், கேனில் குத்தினார், உருண்டையை நசுக்கினார். மோட்டார் ஒரு தும்மலோடு பிழைத்துக்கொண்டது. அடுத்த அலை எங்களைத் தூக்கி அமைதியான தண்ணீரில் மெதுவாக வைத்தது.

மனாசேயின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. இத்தனை வருடம் தவறாமல் காத்த வாய். பெயரைச் சொல்லிவிட்டது, அதுவும் இரண்டு தரம்.

சில்லா மெல்ல ஆரம்பித்தாள். "அத்தை... மாமா இப்ப என்ன சொன்னாரு?"

"தங்கச்சி," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "மோட்டார் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு அவங்ககிட்ட சொல்லு."

மனாசே தொண்டையைச் செருமினார். "கேட்டுச்சுன்னே வெச்சுக்கச் சொல்லு மேபெல். தண்டத்துக்கு என் பெரிய பன்றியைக் கட்டிடறேன்."

"அதுக்கு அவசியமில்லைன்னு சொல்லு."

"கட்டியே தீருவேன்னு சொல்லு."

"ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சில்லா. படகு மணலைத் தொடுவதற்குள் குதித்து ஓடினாள். அவளுக்குப் பின்னால் அணி முழுக்க, கையில் காலணியோடு, முழங்கால் வரை ஈரத்தோடு ஓடியது. நடுவர் விசிலை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் ஆயில் கறையோடு தன் முன்னால் வந்து நின்ற சில்லாவைப் பார்த்தார். மூச்சை விட்டார். "ஓடி வந்திருக்கே, மூச்சு வாங்கிக்கோ," என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை அங்கே யாரும் நம்பவில்லை.

ஜெனரேட்டருக்குக் கொடுக்க எங்களிடம் பெட்ரோல் இல்லை. கேனில் மிச்சமிருந்தது ஆயில் கலந்தது. ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. ஆட்டத்தைச் சொல்ல வந்தவர் ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார். பாதி ஆட்டத்துக்கு மேல் அவருக்கும் குரல் போய்விட்டது. அதனால் அந்த கோலை யாரும் கத்திச் சொல்லவில்லை. பந்து உயரத்திலிருந்து இறங்கியது. கௌவாவின் பலா மரங்கள் இரண்டு சில்லாவை நெருக்கின. பந்து அவள் முழங்காலில் பட்டு, ஒரு காலில் பட்டு, இன்னொரு காலில் பட்டு, வலைக்குள் உருண்டது. அழகான கோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றுதான் விழுந்தது, அது ஒன்றே போதுமாயிருந்தது.

அப்போது கோட்டுக்கு வெளியே நின்ற என் வீட்டு ஆண்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கட்டிப்பிடிக்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு பக்கமும் பெட்ரோல் நாற்றம். மூச்சு முட்டியது.

மனாசே பன்றியைக் கட்டினார். அண்ணன் அதை வெற்றி விருந்துக்குக் கொடுத்துவிட்டார், ஊரே சாப்பிட்டது. தொடைக்கறியை மட்டும் யாருக்கும் தெரியாமல் இலையில் சுற்றி எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். மனாசே அதில் பாதியை யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொண்டுபோய் அண்ணன் வாசலில் வைத்தார். இவர்களைத் திருத்த முடியாது.

ஆனால் டாங்க் விஷயத்துக்கு ஒரு வழி செய்தேன். தொடக் கூடாத பொருள் மேல் நாங்கள் நமேலே ஓலையைச் செருகி வைப்போமே, அதுதான். ஆயில் ஊற்றியாயிற்றென்றால் டாங்க் மூடியில் ஒரு ஓலைத் துண்டு. ஓலை இருந்தால் கை வைக்கக் கூடாது. கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். கடற்கரையில் மற்ற படகுக்காரர்களும் பிறகு அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

விருந்தன்று சில்லா அதைச் சும்மா விடவில்லை. மனாசே, ஈரப்பலாவை இடித்துத் தேங்காய்ப் பால் ஊற்றிய நாலோட்டை மூன்றாவது தரம் கேட்டு இலையை நீட்டினார். அவள் பின்னாலிருந்து வந்து அவர் காதில் ஒரு நமேலே ஓலையைச் செருகிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"யாரும் ஊத்தாதீங்க. இந்த டாங்க் ரொம்பிடுச்சு."

நான் பார்த்தேன், அண்ணன் அன்றைக்கு வாய் விட்டுச் சிரித்தார். மனாசேயும் அவரைப் பார்த்துச் சிரித்தார். அதை மட்டும் என் வழியாகச் சொல்லி அனுப்பவில்லை.